ஒரு நிகழ்வு, பல உறவினர்: பகிர்ந்த குடும்ப நிகழ்வுகளை மென்பொருளில் பதிவதும் அறிக்கையில் கொண்டுவருவதும்

எங்கள் வீட்டு இரும்புப் பெட்டியில் 1951-ஆம் ஆண்டில் எழுதப்பட்ட பாகப்பிரிவினைப் பத்திரம் ஒன்று இருக்கிறது. என் தாத்தாவும் அவருடைய நான்கு சகோதரர்களும் நிலத்தையும் வீட்டையும் பிரித்துக்கொண்டு அதில் கையெழுத்திட்டிருக்கிறார்கள். ஒருவர் மட்டும் கைநாட்டு வைத்திருக்கிறார். அடியில் இரண்டு சாட்சிகளின் பெயரும் பத்திரம் எழுதியவரின் பெயரும் உள்ளன. குடும்ப வரலாற்றை மென்பொருளில் ஏற்றத் தொடங்கிய நாள்களில், இந்தப் பத்திரத்தின் விவரத்தை ஐவரின் பக்கத்திலும் தனித்தனியாக ஐந்து முறை தட்டச்சு செய்தேன். மூன்றாமவரின் பக்கத்தில் ஆண்டு 1957 என்று விழுந்துவிட்டது. அச்சிட்டு உறவினர்களுக்குக் கொடுத்த பிறகு, அவருடைய மகன்தான் அதைக் கண்டுபிடித்தார். "எங்கப்பாவுக்கு மட்டும் ஆறு வருஷம் கழிச்சா பாகம் பிரிச்சாங்க?" என்று அவர் கேட்டபோதுதான், ஒரே நிகழ்வை ஐந்து இடங்களில் எழுதுவது எத்தகைய தவறு என்பது எனக்கு உறைத்தது.

நடந்தது ஒன்று, அதில் இருந்தவர்கள் பலர். மென்பொருளிலும் அப்படியே இருக்க வேண்டும்: நிகழ்வு ஒரு முறை பதியப்பட்டு, அதில் இருந்தவர்கள் ஒவ்வொருவரும் தத்தம் பங்கோடு அந்த ஒரே பதிவுடன் இணைக்கப்பட வேண்டும். பிறகு தேதியைத் திருத்தினால் அனைவரின் பக்கத்திலும் திருந்தும். பத்திரத்தின் படத்தை ஒரு முறை சேர்த்தால் போதும். இந்த வழிகாட்டியில் கிராம்ப்ஸ் என்ற இலவச மென்பொருளை எடுத்துக்கொள்கிறேன். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் அது இயங்கும்; தமிழ் எழுத்தை எந்தப் பெட்டியிலும் ஏற்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, நபர், குடும்பம், இடம், சான்று ஆகியவற்றைப் போலவே நிகழ்வையும் அது தனிப் பதிவாக, தனி அடையாள எண்ணோடு வைத்துக்கொள்கிறது. மற்ற குடும்ப வரலாற்று மென்பொருள்களில், ரூட்ஸ்மேஜிக் தன் நான்காம் பதிப்பிலிருந்து நிகழ்வுகளைப் பகிர வழி தருகிறது. ஃபேமிலி ஹிஸ்டோரியனில் இதே வேலையைச் 'சாட்சி' என்ற பெயரில் செய்யலாம். பொத்தான்களின் பெயர் மாறும். கீழே சொல்லும் முறை பெரும்பாலும் அவற்றுக்கும் பொருந்தும்.

எது ஒரே நிகழ்வு என்று முதலில் தீர்மானியுங்கள்

கணினியைத் திறப்பதற்கு முன்பே செய்ய வேண்டிய வேலை இது. ஒரே காலம், ஒரே இடம், ஒரே செயல் ஆகிய மூன்றும் பொருந்தினால் அது ஒரே நிகழ்வு. பாகப்பிரிவினை, திருமணம், புதுமனை புகுவிழா, குடும்பத்தோடு ஊர் மாறியது, கூட்டுக் குடும்பமாக ஒரு வீட்டில் வாழ்ந்தது ஆகியவை பகிர ஏற்றவை. பிறப்பும் இறப்பும் அப்படியல்ல. இரட்டைக் குழந்தைகள் ஒரே நாளில் பிறந்திருந்தாலும் அவை இரண்டு பிறப்புகள். ஒருவருடைய பிறப்பு நிகழ்வை மற்றவருக்கு முதன்மைப் பங்கில் (அதாவது நிகழ்வின் மைய நபராக) இணைத்தால் பின்னாளில் நேரம், எடை, சான்றிதழ் எண் என ஒவ்வொன்றும் குழம்பும்.

சற்றுக் கடினமான ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். 1941 டிசம்பர் 23 அன்று இரங்கூன் மீது ஜப்பானிய விமானங்கள் குண்டு வீசின. 1942 மார்ச்சில் நகரம் வீழ்ந்தது. அந்த மாதங்களில் பர்மாவிலிருந்து லட்சக்கணக்கான இந்தியர்கள் வெளியேறினார்கள். அவர்களில் தமிழர்கள் மிகப் பலர். என் பாட்டியின் குடும்பம் டாமு வழியாக மணிப்பூருக்கு நடந்து வந்தது. பாட்டி, அவருடைய மாமியார், நான்கு பிள்ளைகள் என ஆறு பேர் சேர்ந்து புறப்பட்டார்கள். கடைசிப் பிள்ளை வழியிலேயே இறந்துபோனது. பாட்டியின் கணவர் கடைக் கணக்கை முடிப்பதற்காகத் தங்கியிருந்து பிறகு கப்பலில் வந்தார். இதில் எத்தனை நிகழ்வுகள்? நான் மூன்றாக வைத்திருக்கிறேன். ஆறு பேர் பகிரும் நடைப்பயணம் ஒன்று. கணவரின் கப்பல் பயணம் ஒன்று. குழந்தையின் இறப்பு ஒன்று. இறப்பைப் பயணத்தின் குறிப்புக்குள் ஒரு வரியாக அடக்கிவிடலாம் என்று தோன்றும். அப்படிச் செய்தால் அந்தக் குழந்தைக்கு இறந்த தேதியே இல்லாமல் போகும். மென்பொருள் தொகுத்து அச்சிட்டுத் தரும் அறிக்கையில் அது பிறந்ததும் பயணம் புறப்பட்டதும் மட்டுமே இருக்கும். அந்தப் பிள்ளைக்கென்று அச்சில் ஒரு வரி வேண்டும்.

சான்றை முதலில் ஏற்றுங்கள்

நிகழ்வைத் தொடங்குவதற்கு முன் அதன் சான்றை ஸ்கேன் செய்து, ஒரு கோப்புறையில் ஆண்டோடு பெயரிட்டு வையுங்கள். பத்திரமானால் சார்பதிவாளர் அலுவலகத்தின் பெயர், ஆவண எண், ஆண்டு மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். மூலம் தொலைந்தாலும் நகல் கேட்டு விண்ணப்பிக்க இவை உதவும்.

திருமண அழைப்பிதழைப் பயன்படுத்தும்போது ஒன்றை மறக்க வேண்டாம். அழைப்பிதழ் நடக்க இருந்ததைச் சொல்கிறது. 'தலைமை' என்று அச்சிடப்பட்டவர் அன்று வராமல் போயிருக்கலாம். 'நல்வரவை விரும்பும்' என்ற பட்டியலில் உள்ளவர்களில் சிலர் வெளிநாட்டில் இருந்திருக்கலாம். எனவே அழைப்பிதழை மட்டும் வைத்துக்கொண்டு எவரையும் 'கலந்துகொண்டவர்' என்று இணைக்காதீர்கள். குழுப் புகைப்படம், மொய் நோட்டு, பதிவேட்டுக் கையெழுத்து, நேரில் இருந்தவரின் சொல் ஆகியவற்றில் ஒன்றாவது துணைக்கு வேண்டும்.

தமிழ் ஆண்டுப் பெயரிலும் கவனம் தேவை. 'துர்மதி வருடம் ஆவணி மாதம்' என்றால் அது 1921-ஆகவும் இருக்கலாம், 1981-ஆகவும் இருக்கலாம். 60 ஆண்டுச் சுழற்சியில் பெயர் திரும்ப வரும். கிராம்ப்ஸில் பல நாள்காட்டிகள் உண்டு என்றாலும் தமிழ் நாள்காட்டி இல்லை. ஆகவே ஆங்கிலத் தேதியாக மாற்றித் தேதிப் பெட்டியில் இடுங்கள். சான்றில் உள்ள தமிழ்த் தேதியை எழுத்து மாறாமல் குறிப்பில் எழுதி வையுங்கள். மாற்றியது தவறாக இருந்தால் அந்தக் குறிப்புதான் கைகொடுக்கும்.

நிகழ்வை உருவாக்குதல்

கிராம்ப்ஸின் இடப்பக்கப் பட்டியலில் 'ஈவென்ட்ஸ்' என்பதைத் தேர்ந்து கூட்டல் குறியை அழுத்தினால் வெறுமையான நிகழ்வுப் படிவம் திறக்கும். பாகப்பிரிவினையை அதில் இப்படி நிரப்பினேன்.

வகை என்ற பெட்டியில் 'பாகப்பிரிவினை' என்று நானே தட்டச்சு செய்தேன். பட்டியலில் இல்லாத வகையை எழுதினால் மென்பொருள் அதை நினைவில் வைத்துக்கொண்டு அடுத்த முறை பட்டியலிலேயே காட்டும். இன்று 'பாகப்பிரிவினை' என்றும் நாளை 'பங்கு பிரித்தல்' என்றும் எழுதினால் இரண்டு வகைகள் உருவாகி, பிற்பாடு வடிகட்டித் தேடும்போது பாதிதான் கிடைக்கும். ஒரு சொல்லை முடிவு செய்து அதையே பிடித்துக்கொள்ளுங்கள்.

விவரிப்புப் பெட்டியில் 'ஐந்து சகோதரர்கள், மாயவரம், 1951' என்று இட்டேன். இந்தப் பெட்டிக்கு இரண்டு வேலைகள் உண்டு. பின்னர் ஒருவரை இணைக்க நிகழ்வுப் பட்டியலைத் திறக்கும்போது, நூற்றுக்கணக்கான வரிகளுக்கு நடுவே இதைக் கண்டுபிடிக்க உதவுவது இதுதான். அறிக்கையில் பங்கேற்ற ஒவ்வொருவரின் பக்கத்திலும் அச்சாவதும் இதுதான். எனவே சுருக்கமாகவும் யாருடைய பக்கத்தில் வந்தாலும் பொருந்துவதாகவும் அது இருக்க வேண்டும். 'என் தாத்தா தன் பாகத்தைப் பெற்றார்' என்று எழுதினால், அது சின்னத் தாத்தாவின் பக்கத்தில் வரும்போது பிழையாகிவிடும்.

தேதியில் இரண்டு வடிவங்களுக்கு இடையிலான வேறுபாட்டை அறிந்துகொள்ளுங்கள். நடைப்பயணம் பிப்ரவரியில் தொடங்கி மே மாதம் முடிந்தது என்றால் அது 'முதல்–வரை' என்ற கால நீட்சி. குழந்தை அந்த மாதங்களில் ஏதோ ஒரு நாளில் இறந்தது என்றால் அது 'இடைப்பட்ட' ஒரு நாள். மென்பொருள் இவற்றைத் தனித்தனி வடிவங்களாகவே வைத்திருக்கிறது. மாற்றிப் போட்டால், குழந்தை மூன்று மாதம் இறந்துகொண்டிருந்ததாகப் பதிவாகும்.

இடத்தை அன்று இருந்தபடி குறியுங்கள். மாயவரம் 1951-இல் சென்னை மாநிலத்தின் தஞ்சாவூர் மாவட்டத்தில் இருந்தது. 1991-இல் நாகப்பட்டினம் மாவட்டத்துக்குள் போனது. 2020 முதல் மயிலாடுதுறை தனி மாவட்டம். கிராம்ப்ஸில் ஓர் இடம் எந்தக் காலத்தில் எதற்குள் அடங்கியிருந்தது என்பதைத் தேதியோடு பதியலாம். ஊரை ஒரு முறை இவ்வாறு அமைத்துவிட்டால், எல்லா நிகழ்வுகளும் அந்த ஒரே இடப்பதிவைப் பயன்படுத்தும்.

ஆட்களை இணைத்தலும் பங்கு கொடுத்தலும்

இப்போது முதல் சகோதரரின் பக்கத்தைத் திறந்து நிகழ்வுகளுக்கான தாவலுக்குச் செல்லுங்கள். அங்கே கூட்டல் குறி புதிய நிகழ்வை உருவாக்கும். நமக்கு வேண்டியது அதன் அருகிலுள்ள, ஏற்கெனவே உள்ள நிகழ்வைப் பகிரும் பொத்தான். பழக்கத்தில் விரல் கூட்டல் குறிக்கே போகும். அதை அழுத்தும் ஒவ்வொரு முறையும் இன்னொரு நகல் பிறக்கும் என்பதால், பல ஆண்டுகள் பழகிய பிறகும் நான் இந்த இடத்தில் ஒரு நொடி நின்றுதான் அழுத்துகிறேன். நிகழ்வைத் தேர்ந்ததும் ஒரு படிவம் திறக்கும். அதில் இரண்டு பகுதிகள் இருக்கும். ஒன்று நிகழ்வின் பொது விவரம்; அதில் செய்யும் மாற்றம் பங்கேற்ற அனைவரையும் பாதிக்கும் என்ற எச்சரிக்கையும் அங்கேயே உண்டு. மற்றொன்று இந்த ஒருவருக்கும் நிகழ்வுக்கும் உள்ள இணைப்பின் விவரம். அவருடைய பங்கும், அவருக்கு மட்டும் உரிய குறிப்புகளும் அதில் சேரும்.

பங்கைத் தேர்ந்தெடுப்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். ஐந்து சகோதரர்களும் பாகப்பிரிவினையின் சம உரிமையாளர்கள் என்பதால் ஐவருக்கும் முதன்மைப் பங்கு கொடுத்தேன். சாட்சிகள் இருவருக்கும் சாட்சி என்ற பங்கு. பத்திர எழுத்தருக்குப் பட்டியலில் பொருத்தமான பங்கு இல்லாததால் 'பத்திரம் எழுதியவர்' என்று நானே எழுதிச் சேர்த்தேன். பயணத்தில் ஆறு பேருக்கும் முதன்மைப் பங்குதான், கைக்குழந்தைக்கும் சேர்த்து.

திருமணத்தில் முறை வேறு. கிராம்ப்ஸில் திருமணத்தைக் குடும்பப் பதிவின் கீழ் உருவாக்க வேண்டும். அப்போது கணவன், மனைவி இருவரின் பக்கத்திலும் அது தானாகவே தெரியும். அதே திருமணத்தை மணமகனின் தனிப்பட்ட நிகழ்வாகவும் சேர்த்துவிட்டால் அறிக்கையில் அவர் இரண்டு முறை மணந்தவர் போலத் தோன்றுவார். தாலி எடுத்துக் கொடுத்தவர், தாய்மாமன், மாப்பிள்ளைத் தோழன், சடங்கை நடத்திய புரோகிதர் ஆகியோரைத்தான் அவரவர் பக்கத்திலிருந்து பகிரும் பொத்தான் வழியே இணைக்க வேண்டும். சுயமரியாதைத் திருமணமானால் தலைமை தாங்கியவருக்கு அதற்கான பங்கைக் கொடுங்கள். யார் தலைமையில் மணம் நடந்தது என்பதை அந்தக் குடும்பங்கள் தலைமுறைகள் கடந்தும் நினைவில் வைத்திருக்கின்றன.

மொய் நோட்டில் முந்நூறு பெயர்கள் இருக்கும். அனைவரையும் இணைக்க வேண்டுமா? வேண்டாம் என்பதே என் கருத்து. நோட்டின் பக்கங்களைப் படங்களாக நிகழ்வோடு சேர்த்துவிடுங்கள். சடங்கில் பங்கு இருந்தவர்களையும், அந்த நோட்டு ஒன்றே உயிரோடு இருந்ததற்குச் சான்றாக உள்ளவர்களையும் மட்டும் இணையுங்கள். எங்கள் மொய் நோட்டு ஒன்றில், 1960-க்கு முன்பே காலமாகிவிட்டதாக எல்லோரும் சொல்லிவந்த ஓர் அத்தைப்பாட்டியின் பெயரில், 1963-இல் ஐந்து ரூபாய் வரவாகியிருக்கிறது. அது அவர் பெயரில் வேறொருவர் எழுதியதா, அவரே வந்ததா என்று விசாரித்துத் தெளிவதற்கு அந்த ஒரு வரிதான் வழி திறந்தது.

இல்லாதவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். அந்தப் பத்திரத்தில் தாத்தாவின் இரண்டு சகோதரிகளின் பெயர் எங்கும் இல்லை. தமிழ்நாட்டில் பூர்வீகச் சொத்தில் மகள்களுக்குச் சம உரிமை தந்த சட்டத் திருத்தம் 1989-இல்தான் வந்தது. நாடு முழுவதற்கும் 2005-இல் வந்தது. அந்தச் சகோதரிகளை நிகழ்வில் பங்கேற்றவர்களாகச் சேர்ப்பது பொய்யாகும். ஆனால் நிகழ்வின் குறிப்பில், 'அப்போது உயிருடன் இருந்த சகோதரிகள் இருவர் பத்திரத்தில் இடம்பெறவில்லை' என்று எழுதி வைத்தேன். குடும்ப மரத்தைப் பார்க்கும் பேத்திக்கு அது தெரிய வேண்டும்.

எதை நிகழ்வில் எழுதுவது, எதை இணைப்பில் எழுதுவது

எல்லோருக்கும் பொதுவானது நிகழ்வில். ஒருவருக்கு மட்டும் உரியது அவர் இணைப்பில். பத்திரத்தின் படம், ஆவண எண், சான்று ஆகியவை நிகழ்வைச் சேர்ந்தவை. தாத்தாவுக்குத் தென்னந்தோப்பு பாகமாக வந்தது அவருடைய இணைப்பின் குறிப்பு. ஒருவர் கைநாட்டு வைத்தது அவருடைய இணைப்பின் குறிப்பு. 'வயது சுமார் 35' என்று பத்திரம் ஒருவரைப் பற்றிச் சொல்வதும் அவருடைய இணைப்பில் 'பண்பு' (அட்ரிபியூட்) என்ற பகுதியில் சேர வேண்டியது. பிறந்த தேதியிலிருந்து மென்பொருள் கணக்கிடும் வயதும் பத்திரம் சொல்லும் வயதும் மாறுபட்டால், அந்த முரண்பாடே பிறந்த ஆண்டைத் திருத்த ஒரு தடயமாகும்.

முன்பே நகல்களாகப் பதிந்துவிட்டவர்கள் அழித்துவிட்டுத் தொடங்க வேண்டியதில்லை. முதலில் முழுக் காப்புப்பிரதி எடுங்கள். நிகழ்வுப் பட்டியலில் இரண்டு நகல்களை ஒருசேரத் தேர்ந்து, ஒப்பிட்டு ஒன்றாக்கும் கட்டளையைக் கொடுத்தால் தேதி, இடம், விவரிப்பு ஒவ்வொன்றிலும் எது சரி என்று கேட்கும். இருவரின் இணைப்புகளும் மிஞ்சும் ஒரே பதிவுக்கு வந்து சேரும். ஒன்றாக்கிய பின் நிகழ்வைத் திறந்து, யார் யார் இணைந்திருக்கிறார்கள் என்று காட்டும் தாவலில் தலைகளை எண்ணிப் பாருங்கள். எங்கள் பத்திரத்துக்கு எட்டு வர வேண்டும்: ஐவர், இரு சாட்சிகள், எழுத்தர்.

அறிக்கையில் என்ன வரும், என்ன விடுபடும்

பதிவு சரியாக இருந்தால் அச்சும் சரியாக வரும் என்று நம்பிவிடக் கூடாது. கிராம்ப்ஸில் முன்னோரையும் வழித்தோன்றல்களையும் பத்திகளாக விவரிக்கும் விரிவான அறிக்கைகள், நபரின் முதன்மைப் பங்குள்ள நிகழ்வுகளையே எடுத்துக்கொள்கின்றன. இதனால் இரண்டு சிக்கல்கள் எழுகின்றன.

முதலாவது, மறுபடியும் மறுபடியும் வருதல். கொள்ளுத்தாத்தாவிலிருந்து இறங்கும் அறிக்கையை எடுத்தால், ஐந்து மகன்களின் கீழும் ஐந்து முறை அதே பாகப்பிரிவினை வரும். குறிப்புகளையும் சேர்க்கச் சொல்லியிருந்தால், ஒரு பக்க நீளமுள்ள கதையும் ஐந்து முறை அச்சாகும். நடைப்பயணத்தின் கதையை நான் முதலில் நிகழ்வின் குறிப்பாக எழுதியிருந்தேன். ஆறு முறை வந்தது. இப்போது அந்த நீண்ட கதையைப் பாட்டியின் பக்கத்தில் அவருடைய குறிப்பாக வைத்துவிட்டு, நிகழ்வின் குறிப்பில் 'முழு விவரம் பாட்டியின் பக்கத்தில்' என்று ஒரு வரி மட்டும் வைத்திருக்கிறேன்.

இரண்டாவது, சாட்சிகள் காணாமல் போதல். சாட்சி என்ற பங்கில் இணைத்தவரின் பத்தியில் அந்த நிகழ்வு வராது; சகோதரர்களின் பத்தியிலும் சாட்சியின் பெயர் வராது. ஆகவே நிகழ்வின் குறிப்பில் 'சாட்சிகள்' என்று தொடங்கி அவர்களின் பெயர்களை ஒரு வரியாக எழுதிவிடுங்கள். இரட்டை வேலைதான், ஆனால் அச்சில் அந்தப் பெயர்கள் நிற்பதற்கு வேறு எளிய வழியை நான் காணவில்லை. மென்பொருளே உருவாக்கித் தரும் இணையப் பக்கத் தொகுப்பில் நிகழ்வுகளுக்கெனத் தனிப் பக்கங்களைச் சேர்க்க வழி உண்டு. யார் யார் ஒரே நிகழ்வில் இருந்தார்கள் என்று காட்டுவதற்கு அச்சை விட அது பொருத்தமானது.

எந்த அறிக்கையையும் உறவினருக்குக் கொடுக்கும் முன், பகிர்ந்த நிகழ்வுள்ள இருவரின் பக்கத்தை மட்டுமாவது எடுத்துச் சோதியுங்கள்: முதன்மைப் பங்குள்ளவர் ஒருவர், சாட்சியாக இருந்தவர் ஒருவர். தனிப்பட்டது என்று குறியிட்டவை வெளியே வராமல் இருக்கிறதா என்றும் பாருங்கள். உயிரோடு இருப்பவர்களின் சொத்து விவரம் உறவினர் எல்லோருக்கும் போய்ச் சேர வேண்டியதில்லை.

வேறொருவருக்கு அனுப்பும்போது

மென்பொருள்களுக்கு இடையே தரவை எடுத்துச்செல்லும் கெட்காம் வடிவில், 5.5.1 என்ற 1999-ஆம் ஆண்டுப் பதிப்புதான் இன்றும் பரவலாக உள்ளது. அதில் நிகழ்வுக்கெனத் தனிப் பதிவு கிடையாது. ஒவ்வொரு நிகழ்வும் ஒரு நபருக்குள்ளோ குடும்பத்துக்குள்ளோ அடங்கும். எனவே ஐந்து சகோதரர்களின் ஒரே நிகழ்வு, கோப்பில் ஐந்து நகல்களாகப் பிரிந்துவிடும். முதன்மை அல்லாத பங்கில் இருந்தவர்களின் இணைப்பை கிராம்ப்ஸ் அதில் எழுதுவதில்லை. மேலே சொன்ன 'சாட்சிகள்' என்ற குறிப்பு வரி இங்கும் உதவும். இணைப்பு போனாலும் பெயர் போகாது. 2021-இல் வந்த கெட்காம் 7.0-இல் நிகழ்வின் கீழேயே தொடர்புடையவரையும் அவர் பங்கையும் குறிக்க இடம் உண்டு. ஆனால் பெறுபவரின் மென்பொருள் அதைப் படிக்கக்கூடியதாக இருக்க வேண்டும்.

பெறுபவரும் கிராம்ப்ஸ் வைத்திருந்தால், படங்களையும் சேர்த்துக் கட்டும் அதன் சொந்தப் பொதிக் கோப்பை அனுப்புங்கள். பங்குகளும் இணைப்புக் குறிப்புகளும் அப்படியே போய்ச் சேரும். அனுப்பியதும் வேலை முடிந்துவிடுவதில்லை. ஒரு வெற்றுத் தரவுத்தளத்தை உருவாக்கி அதே கோப்பை அதில் திறந்து, பாகப்பிரிவினை நிகழ்வைத் தேடி, இணைந்திருக்கும் தலைகளை மீண்டும் எண்ணுங்கள். எட்டு வந்தால் கோப்பு சரி. நிகழ்வே ஐந்து நகல்களாக, ஒவ்வொன்றிலும் ஒரே தலையோடு வந்தால் நீங்கள் அனுப்பியது கெட்காம் கோப்பாக இருக்கக்கூடும்.